ஓயாத பெடலும் உப்புக்காற்றும்

சென்ற ஆடியில் ஒரு திங்கட்கிழமை. இரண்டாமாண்டு மாணவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தை நடத்திக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் வலது கையைத் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி அமர்ந்திருந்தான். வகுப்பு முடிந்ததும் அழைத்துக் கேட்டோம். "சைக்கிள்ல விழுந்துட்டேன் ஐயா" என்றான்.

சைக்கிளில் விழாதவர் யார்? ஆனால் அவன் அடுத்துச் சொன்னவைதாம் நம்மைத் திகைக்க வைத்தன. அவன் சைக்கிளில் பிரேக் இல்லை. இருந்த இரண்டையும் அவனே கழற்றிப் பரணில் போட்டுவிட்டான். பின்சக்கரத்து ஃப்ரீவீலைப் பட்டறை ஒன்றில் கொடுத்து, உள்ளே சுழலாதபடி வெல்டிங் வைத்து வாங்கியிருக்கிறான். துறைமுகச் சாலையில் காற்று முதுகில் தள்ள விரைந்து போனவன், முன்னால் நின்ற கண்டெய்னர் லாரியைக் கண்டு பெடலைக் காலால் அழுத்திப் பிடித்திருக்கிறான். ஒரு கணம் வேகம் மட்டுப்பட்டது. மறுகணம் பெடல்கள் பின்னோக்கி வெறுமையாகச் சுழன்றன. சக்கரம் தன்பாட்டில் முன்னோக்கி ஓடிற்று. சாலையோர மணலில் சைக்கிளைத் திருப்பி விழுந்ததால் கையோடு போயிற்று.

"எதற்கப்பா இந்த விபரீதம்?" என்றோம். "இதுக்கு ஃபிக்ஸின்னு பேரு ஐயா" என்று இடக்கையால் கைப்பேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினான். ஏதோ ஒரு பெருநகரம். பிரேக் கம்பிகளோ கியர்களோ இல்லாத, எலும்புக்கூடு போல மெலிந்த சைக்கிள்களில் இளைஞர்கள் வாகன நெரிசலுக்குள் மீன்களைப் போல் நழுவிச் சென்றுகொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் மகனுக்கு இந்த ஆடம்பரமெல்லாம் எதற்கு?" என்றார். நாம் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில், நம் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. அன்றிரவு அதை எண்ணி நாணினோம். இக்கட்டுரை அந்த நாணத்திலிருந்து பிறந்தது.

முதலில் இந்தச் சைக்கிள் யாதென்று பார்ப்போம். நம்மூர்ச் சைக்கிளில் பெடலை மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். பின்சக்கரத்தில் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டு நம் கால்களுக்கு ஓய்வு தருகிற உறுப்புக்கே ஃப்ரீவீல் என்று பெயர். ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் அது கிடையாது. பல்சக்கரம் ஹப்போடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். பெடல் சுழலும்வரை காலும் சுழன்றாக வேண்டும். பெடலை எதிர்த்துக் காலை ஊன்றினால் சக்கரம் தளரும். ஓடுதளப் பந்தயங்களுக்குரிய டிராக் சைக்கிள் இந்த அமைப்பினது. அதில் பிரேக்கும் இராது.

இது புதுமையன்று, சைக்கிளின் ஆதி வடிவமே இதுதான். ஃப்ரீவீல் பரவலானது 1890களின் இறுதியில்தான். பல கியர்களை மாற்றித்தரும் டிரெயிலரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அனுமதித்ததும் 1937இல்தான். அதுவரை அப்பந்தயத்தார் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபுறத்துப் பல்சக்கரத்தைக் கொண்டு மலையேறினார்கள். நாமும் இதற்கு அயலாரல்லர். மூன்று வயதில் திண்ணையில் ஓட்டிய மூன்றுசக்கர வண்டியை நினைவுகூருங்கள். முன்சக்கரத்தோடு நேரே பிணைந்த பெடல். இறக்கத்தில் விட்டால் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். சர்க்கஸ் கோமாளியின் ஒற்றைச் சக்கரமும் அவ்வகையதே. அந்த வகையில் நாம் அனைவரும் ஃபிக்ஸட் கியரில் தொடங்கி ஃப்ரீவீலுக்கு வந்தவர்கள்.

பிற நாடுகளில் இது ஒரு பண்பாடாக வளர்ந்த கதை சுவையானது. போருக்குப் பின் நொடிந்து கிடந்த ஜப்பானில், உள்ளாட்சிகளுக்கு வருவாய் தேடும் பொருட்டுப் பந்தயப் பணத்தோடு கூடிய சைக்கிள் ஓட்டப்போட்டி 1948இல் கோகுரா நகரில் தொடங்கப்பெற்றது. அதன் பெயர் கெய்ரின். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது ஆடவர் போட்டியாகவும், 2012 இலண்டனில் மகளிர் போட்டியாகவும் இடம்பெற்றது. மற்றொரு புறம், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் அலுவலகக் கடிதங்களைச் சைக்கிளில் கொண்டு சேர்த்த கூலித் தொழிலாளர்கள் டிராக் சைக்கிள்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். உறுப்புகள் குறைவு, ஆகவே பழுதும் குறைவு, செலவும் குறைவு. உழைப்பாளிகளின் அந்தச் சிக்கனம் பின்னர் வசதி படைத்த இளைஞர்களின் அழகியலாக மாறி, 2000களில் உலகெங்கும் பரவிற்று. ஆகவே ஆசிரியர் அறை நண்பருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: இந்தச் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் கூலிக்காரர்களே. உப்பளத்துப் பிள்ளையிடம் அது வருவதில் வியப்பேதும் இல்லை.

கை சற்றே தேறியதும் மாணவனோடு நாமும் ஒரு சைக்கிள் கடைக்குச் சென்றோம். நகரின் பழைய கடைகளில் ஒன்று. இரும்பும் கிரீஸும் ரப்பர் பசையும் கலந்த அந்த வாசனை நம்மை முப்பது ஆண்டுகள் பின்னுக்கு இழுத்தது. மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டிய தலைமுறை நாம். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு, எண் எழுதிய மட்கார்டைத் தட்டிக் காண்பித்துச் சைக்கிளைக் கொடுப்பார்கள். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையைத் தழுவி 2024இல் வெளிவந்த 'குரங்கு பெடல்' திரைப்படத்தைக் கண்ட இளையோருக்கு அந்த உலகம் சிறிது தெரிந்திருக்கும். கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். மாணவன் அவரை அண்ணாச்சி என்றழைத்தான். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

அவர் வெல்டிங் வைத்த ஃப்ரீவீலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது ஒன்னைய கொல்லாம விட்டதே பெருசு" என்றார். பிறகு நமக்கு விளக்கினார். ஃப்ரீவீல் ஹப்பின்மேல் மரையில் ஏறி உட்காரும். முன்னோக்கி மிதிக்க மிதிக்க அந்த மரை இறுகும். ஆகவே அதற்குத் தனியே பூட்டு தேவையில்லை. வெல்டிங் வைத்து அதை அசையாமல் செய்துவிட்டுப் பெடலைப் பின்னோக்கி அழுத்தினால், அழுத்தம் முழுவதும் மரையைக் கழற்றும் திசையில் செல்லும். எப்போது கழலும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிரேக்குக்காகக் காலை ஊன்றும் அந்தக் கணத்தில்தான் கழலும். முறையான டிராக் ஹப்பில் இரண்டு மரைகள் உண்டு. பல்சக்கரம் வலமரையில் ஏறும். அதன்மேல் இடமரையில் ஒரு பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழல முற்பட்டால் பூட்டு வளையம் இறுகும். சாதாரண ஹப்புக்கும் டிராக் ஹப்புக்கும் பல்சக்கரத்தின் மரை ஒன்றே. அதனால்தான் ஏமாற்றமும் நேர்கிறது. பொருத்தினால் பொருந்திவிடும், பூட்டு மட்டும் இராது.

நாம் இருபது ஆண்டுகளாகச் சொல்லிலக்கணம் நடத்துகிறோம். ஓர் உறுப்பு எதற்காக இருக்கிறது, எது எதனோடு எத்திசையில் புணரும் என்பதை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு குறைந்த சொற்களில் நாம் ஒருநாளும் விளக்கியதில்லை என்று தோன்றிற்று.

டிராக் ஹப் நம்மூர்க் கடைகளில் இல்லை. இணையத்தில் தேடி வாங்க வேண்டும். அதன் விலை, மாணவனின் தந்தை உப்பளத்தில் ஒரு வாரம் ஈட்டும் கூலிக்கு மேல். ஆனால் நாம் எதிர்பாராத ஒன்றை அண்ணாச்சி கண்டுபிடித்தார். மற்ற உறுப்புகள் யாவும் அவன் தந்தையின் பழைய கறுப்புச் சைக்கிளிலேயே இருந்தன. டிராக் சைக்கிளுக்குரிய தடித்த செயினும் நம்மூர்ச் சைக்கிள் செயினும் ஒரே அளவின. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். உள்ளகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பின்சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கும் வசதி கறுப்புச் சைக்கிளில் எப்போதுமே உண்டு. ஃபிக்ஸட் கியருக்கு அது இன்றியமையாதது. சிக்கல் ரிம்மில்தான் வந்தது. கறுப்புச் சைக்கிளின் பின் ரிம்முக்கு 40 துளைகள். முன் ரிம்முக்கு 32. டிராக் ஹப்புகளோ 32 அல்லது 36 துளைகளோடு வருகின்றன. அண்ணாச்சி சற்று யோசித்துவிட்டு, 32 துளை ஹப்பை வரவழைக்கச் சொன்னார். இன்னொரு முன் ரிம்மை எடுத்துப் பின்சக்கரமாகக் கட்டிவிடலாம் என்றார். இரும்புச் சட்டமாதலால் பின் ஃபோர்க்கைச் சிறிது விரித்துக் கொடுக்கவும் இடமுண்டு.

பற்களின் கணக்கும் பேசினோம். கறுப்புச் சைக்கிளில் பெரும்பாலும் முன்னே 44 பற்கள், பின்னே 18. பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். 48க்கு 16 என்று வைத்தால் சரியாக மூன்று சுற்று, வேகம் கூடும். ஆயின் அதில் ஒரு குறையும் உண்டு. காலை ஊன்றிச் சக்கரத்தை வழுக்க விடும்போது, விகிதம் முழு எண்ணாதலால் டயரின் ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேயும். 44க்கு 18ஐச் சுருக்கினால் 22க்கு 9. தேய்மானம் ஒன்பது இடங்களில் பகிர்ந்துவிழும். மாணவன் இதைத் தானே கணக்கிட்டுச் சொன்னான். தேர்வில் யாப்பிலக்கண வினாக்களை விட்டுவிட்டு எழுந்துபோகும் மாணவன் அவன். சீர்களை எண்ணத் தெரியாதவனல்லன். எண்ணுவதற்கு ஒரு காரணம் அவனுக்கு வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஃபிக்ஸட் கியர்ப் பண்பாட்டில் நாம் பெறத்தக்கது அதன் வேகமோ, பிரேக்கைத் துறக்கும் துணிச்சலோ அன்று. ஒரு பொருளை உறுப்புறுப்பாக அறிந்து, உறுப்புறுப்பாக வாங்கி, தன் கையால் கோத்துக்கொள்ளும் அந்த ஈடுபாடே அதன் சாரம். கெய்ரின் பந்தயத்தில் சட்டம், ஹேண்டில்பார், கிராங்க் என ஒவ்வோர் உறுப்பும் சோதிக்கப்பட்டு என்.ஜே.எஸ். என்ற முத்திரை பெற்றிருக்க வேண்டும். அந்த முத்திரையுள்ள பழைய உறுப்புகளை உலகெங்கும் தேடி வாங்குவோர் உளர். நம்மவர் பலர் இதைக் கிறுக்கு என்பர். நமக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. ஏனெனில் நம்மூர்ச் சைக்கிளும் ஒருகாலத்தில் உறுப்புகளாகவே வாழ்ந்தது. லூதியானாவின் சிறு பட்டறைகளில் ரிம் ஒருவர், போக்ஸ் கம்பி ஒருவர், மணி ஒருவர் எனச் செய்தார்கள். 1956இல் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய ஹீரோ நிறுவனத்தாரும் முன்னதாக உதிரிபாக வணிகம் செய்தவர்களே. இங்கே 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் தமிழ்நாட்டின் தெருக்களை நிறைத்தன. ஆண்டுக்கொருமுறை 'ஓவராயிலிங்' என்று முழுச் சைக்கிளையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பால்ஸையும் கோனையும் மாற்றிப் பூட்டுவார்கள். சைக்கிளைப் புதிதாக வாங்குவது வாழ்நாளில் ஓரிரு முறை. உறுப்புகளை வாங்குவது ஆண்டுதோறும்.

தூத்துக்குடியில் இந்த உறுப்பறிவு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தமிழகத்தில் உப்பு மிகுதியாக விளையும் மாவட்டம் இது. விடியும் முன்னரே முத்தையாபுரம் பக்கமும் தருவைகுளம் பக்கமும் உப்பளங்களுக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் சைக்கிளில் போவதை எவரும் காணலாம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். முதலில் போக்ஸ் கம்பியின் அடி நிப்பிள்கள் துருவேறி இறுகும்; பிறகு கோட்டம் எடுக்க முடியாது, கம்பி முறியும். ரிம்மின் பளபளப்பு உரிந்து உள்ளிருந்து செம்மை கசியும். இணையத்தில் விற்கப்படும் பகட்டான ஃபிக்ஸிகளுக்கு இக்கரையில் வேறோர் ஆபத்தும் உண்டு. இரும்புச் சட்டத்துக்குள் அலுமினிய சீட் கம்பியைச் செருகி அப்படியே விட்டால், உப்பீரம் இரண்டு உலோகங்களையும் ஒன்றாகப் பற்றவைத்தாற்போல் பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டத்தை அறுத்தால்தான் கம்பி வெளியே வரும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசிச் செருக வேண்டும். மாணவனின் தந்தை எந்த நூலையும் படிக்காமல் இதைச் செய்துவந்திருக்கிறார். அவருடைய சைக்கிள் இருபத்தைந்து ஆண்டுகளாக உப்பளத்துக்குப் போய்வருகிறது. "எங்கப்பாவுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும் ஐயா. நான்தான் கேட்கலை" என்றான் அவன். ஒரு காணொளியின் வழியே சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிவந்து, தன் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளை அவன் கண்டுகொண்டான். சுற்றுவழிதான். ஆனாலும் அவன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்பதே நமக்குப் பெரிதாகப்பட்டது.

நம் சமூகத்தில் சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குச் சான்றுகள் வேண்டுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான உழைக்கும் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பதிவு செய்திருக்கிறார். குழந்தையை முன் கம்பியில் அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள் என்ற குறிப்பு அதில் உண்டு. எந்த உறுப்பு எதற்குப் பயன்படும் என்பதைப் பயன்படுத்துவோரே தீர்மானித்துக்கொண்டார்கள். கடலுக்கு அப்பால், போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து வானொலி கேட்டார்கள். உறுப்பை அறிந்தவனுக்கு முழுப்பொருள் பணியும்.

இப்போது நம் நிலை என்ன? தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கென மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கிற்று. 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பயிலும் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நம் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவியர் பலர் அந்தச் சைக்கிளில் பள்ளிக்குச் சென்றவர்கள். ஆனால் அந்தச் சைக்கிளில் ஏதேனும் ஒன்று தேய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். கிராமத்தில் பஞ்சர் ஒட்டிய கடை இன்று மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையாகிவிட்டது. ஒரு பெடலோ ஒரு பிரேக் கட்டையோ இல்லாமல் நல்ல சைக்கிள்கள் திண்ணையில் சாய்ந்து துருப்பிடிப்பதை ஊர்தோறும் காண்கிறோம். முழுச் சைக்கிளை இலவசமாகத் தர முடிந்த நம்மால், அதை ஐந்தாறு ஆண்டுகள் ஓட வைக்கும் அறிவைத் தர முடியவில்லை. ஒவ்வொரு மேனிலைப் பள்ளியிலும் ஒரு பெட்டி ஸ்பேனர்கள், ஒரு பம்பு, கோட்டம் எடுக்கும் ஒரு சட்டம், வாரம் ஒருநாள் வந்து கற்றுத்தர ஊரிலுள்ள ஓர் அண்ணாச்சி. இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பாடத்திட்டத்தில் எத்தனையோ நுழைகின்றன. இதற்கும் இடம் தேடலாம்.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேக் இல்லாமல் தெருவில் ஓட்டுவதை நாம் எவ்வகையிலும் ஏற்கவில்லை. அது சுதந்திரம், தியானம், சக்கரத்தோடு ஒன்றாதல் என்றெல்லாம் எழுதுவோர் உண்டு. இலக்கியம் பயின்றவர்களுக்கு அந்த மொழி கவர்ச்சியாக இருக்கும். அதனாலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிராக் சைக்கிளில் பிரேக் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. ஓடுதளத்தில் அனைவரும் ஒரே திசையில் செல்கிறார்கள். குறுக்கே எவரும் வருவதில்லை. நெருங்கிச் செல்லும் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் அனைவரும் விழுவார்கள். அங்கே பிரேக் இல்லாமையே பாதுகாப்பு. தெருவில் நிலைமை தலைகீழ். ஆட்டோ திரும்பும், மாடு நிற்கும், குழந்தை ஓடிவரும். 2016இல் இலண்டனில் முன்பிரேக் இல்லாத இத்தகைய சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் உயிரிழந்தார். ஓட்டிய இளைஞர் மறுஆண்டு சிறை சென்றார். பிரிட்டனின் சட்டம் தெளிவானது. பின்சக்கரத்துக்கு ஃபிக்ஸட் கியரே பிரேக்காகக் கொள்ளப்படும். முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் கட்டாயம். ஜப்பானிலும் இரு சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். கெய்ரினைத் தந்த நாடே தெருவில் அதை அனுமதிக்கவில்லை என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவ்வாறெனில் வேகத்தை விரும்பும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இதைக் கேட்காமல் அறிவுரை மட்டும் சொல்வது நேர்மையாகாது. சென்னைக்கு அருகில் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் சைக்கிள் ஓடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழகம் நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் ஓடுதளச் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. தூத்துக்குடியிலிருந்து அது ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டாதது என்று எவரும் சொல்லிவிட முடியாது. கார் நிக்கோபார் தீவின் தெபோரா ஹெரால்டு 2004 ஆழிப்பேரலையில் ஒன்பது வயதுச் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்பிழைத்தவர்; பின்னாளில் இந்தியாவின் முதன்மையான ஓடுதள வீராங்கனை ஆனார். 2019இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்ற இந்திய மூவரில் எசோ ஆல்பனும் அந்தமான் தீவினரே. நம் மாவட்டமோ பெரும்பாலும் சமதளம். ஆனியிலும் ஆடியிலும் எதிர்க்காற்று மலையேற்றத்துக்கு நிகரான பயிற்சி தரும். சிமெண்டால் ஆன எளிய ஓடுதளம் ஒன்று தென்மாவட்டங்களில் அமைந்தால், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே ஓட்டும் பிள்ளைகளுக்கு ஓரிடம் கிடைக்கும்.

இக்கரையில் முத்துக்குளித்த காலத்தை எண்ணிக்கொள்கிறோம். 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. குளிப்பவர் கல்லைப் பிடித்து ஆழத்தில் இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பார்கள் என்பது வழிவழிச் செய்தி. தன் சகோதரி விதவையாக அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. மூச்சடக்கும் துணிச்சலைப் பற்றியே நாம் எப்போதும் பேசுகிறோம். அந்தத் துணிச்சலுக்கு அடியில் ஒரு கயிறும், அதைப் பிடித்த கையும் இருந்தன. ஆழத்துக்குப் போகிறவனுக்குத்தான் கயிறு வேண்டும். பிரேக் கோழைத்தனம் என்று கருதும் இளைஞர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம்.

ஹப் வந்து சேர மூன்று வாரங்கள் ஆயின. அதன் விலையில் பாதியை மாணவன் விடுமுறை நாட்களில் உழைத்துச் சேர்த்தான். மீதியை அவன் தந்தை கொடுத்தார். நாம் தருவதாகச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "அவன் ஓட்டுற வண்டிக்கு அவன்தான் சார் குடுக்கணும்" என்றார். அண்ணாச்சி மாணவனைத் தரையில் உட்காரவைத்து, முப்பத்திரண்டு கம்பிகளையும் அவன் கையாலேயே கோக்கச் செய்தார். இரண்டு முறை தவறிற்று. பிரித்து மீண்டும் கோத்தான். மூன்றாம் முறை சக்கரம் கோட்டமின்றி நின்றது. பூட்டு வளையத்தை இறுக்கிய பின் பரணிலிருந்து பழைய முன்பிரேக் கம்பிகளைக் கொண்டுவரச் சொல்லி அவரே பூட்டினார். மாணவன் முகம் சுளித்தான். ஒன்றும் பேசவில்லை.

இப்போது அவன் அதில்தான் கல்லூரிக்கு வருகிறான். இருபத்தைந்து ஆண்டு பழைய கறுப்புச் சட்டம், புதிய ஹப், தந்தையின் சீட். சில மாலைகளில் கடற்கரைச் சாலையில் அவனைக் காண்கிறோம். காற்று எதிர்க்கும்போதும் தள்ளும்போதும் அவன் கால்கள் ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருக்கின்றன. சென்ற வாரம் அவன் வகுப்புத் தோழர்கள் இருவர் தங்கள் பள்ளிக்கூடத்து இலவசச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அவனோடு அண்ணாச்சி கடைக்குப் போவதைப் பார்த்தோம். ஒன்றில் பெடல் இல்லை. மற்றதில் செயின் இல்லை. இரண்டும் கடையில் கிடைக்கும் பொருள்களே.